வியாபாரமும் விவரக் கணக்கும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வியாபாரிகள் தம்மிடமுள்ள விவரங்களை எங்ஙனம் திரட்டிப் பயன்கொள்வது என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று நமது காரியதரிசியவர்கள் எனக்கு விஷயத்தைக் குறித்தனுப்பினார்கள். நம்மவருட் பலர் சென்ற சில வருஷங்களாகக் கடைகளில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கின்றனர். அதனால் விளைந்த பயன் யாதென்று கேட்பின், சீட்டு விரைவாகப் போட முடிகிறது, ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்ப முடிகிறது என்பதற்கு மேல் விடை கூறுவார் சிலரே. அதற்குள் மற்றொரு வகுப்பார் கடைக்கு வந்து, முன்னதினும் விலையுயர்ந்த யந்திரமொன்றை வாங்கினால் எல்லாம் தானே தெரியவரும் என்கின்றனர். எந்த யந்திரம் வாங்கலாம் என்பதே நமது இளைஞர் என்னைக் காணுந்தோறும் கேட்கும் கேள்வி. அக்கேள்வி இறுதியிற் கேட்கத்தக்கது என்பது என் துணிபு. அதன் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. அவற்றையே இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இக்காலத்தார் தரவு என்று வழங்குவதும் நம் முன்னோர் விவரமென்றும் கணக்கென்றும் வழங்கியதும் ஒன்றே. நம் பழைய கடைகளில் சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்னும் மூன்றும் உண்டு. அன்றன்று நடந்த கொடுக்கல் வாங்கல் நடந்த வரிசையிலேயே சிட்டையில் ஏறும். அதிலிருந்து பேர்வாரியாகப் பேரேட்டில் ஏறும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுக்கப்படும். இரவில் பெட்டியிலுள்ள ரொக்கமும் சிட்டையின் இருப்பும் ஒத்தாலன்றிக் கடை சாத்துவதில்லை. இம்முறையின் பெருமை கணக்குப்பிள்ளையின் எழுத்தழகில் இல்லை. ஒரு தொகையானது ஒருவரால், நிகழ்ந்த இடத்திலேயே, ஒருமுறையே எழுதப்பட்டு அன்றே சரிபார்க்கப்பட்டது என்பதில் இருக்கிறது. இதை மறந்துவிட்டுப் புதிய யந்திரத்தைக் கொண்டுவந்து வைப்பவர் மாளிகைக்கு மேல்தளம் கட்டிவிட்டு அடித்தளத்தைத் தேடுகிறவராவர்.

எனினும் பழைய முறை நிறைவுடையதென்று யான் கூற வரவில்லை. அது பணத்தின் போக்கைச் செவ்வனே காட்டிற்று. யார் எவ்வளவு தரவேண்டுமென்பதைக் காட்டிற்று. எந்தச் சரக்கு எத்தனை நாள் அலமாரியில் உறங்கியது, எந்த வாடிக்கைக்காரர் ஆடி மாதத்திற்குப் பின் வரவில்லை, எந்த மொத்த வியாபாரி மூட்டைக்கு எவ்வளவு குறையாக அனுப்பினார் என்பவை ஏட்டில் இல்லை. முதலாளியின் தலைக்குள் இருந்தன. கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்த வணிகர் நம்மவரில் மிக அரியர். புதுச்சேரியில் வணிகராயும் துபாஷாயும் விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளையவர்கள் 1736-ம் வருஷம் தொடங்கித் தம் வாழ்நாளிறுதி வரை தினசரி எழுதிவைத்தமையாலன்றோ அக்காலத்து வியாபாரத்தையும் ராஜாங்கத்தையும் நாம் இன்று அறிகிறோம்! மற்றவர் அறிவெல்லாம் அவரவரோடு போயிற்று.

இன்றும் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கடை இருந்தவரையில் முதலாளியின் ஞாபகமே போதுமானதாயிருந்தது. மக்கள் மூவரும் மூன்று ஊரில் மூன்று கடை வைத்தபின், ஒருவருடைய ஞாபகம் மற்றவருக்குக் கைகொடுப்பதில்லை. தந்தையார் நோய்வாய்ப்பட்டுப் படுத்த ஒரு மாதத்திற்குள், எவருக்குக் கடன் கொடுக்கலாம் எவருக்குக் கூடாது, தீபாவளிக்கு எந்த ரகத்தை எவ்வளவு வாங்குவது என்பது தெரியாமல் தள்ளாடும் குடும்பங்களை நாம் அனைவரும் அறிவோம். அதே தெருவில், கைப்பேசியில் ஆணை பெற்றுச் சில நிமிஷங்களில் சரக்கைக் கொண்டுவந்து தரும் பெரிய கம்பெனிகள், எந்த வீட்டில் எந்த வாரம் எது வாங்குவார்கள் என்பதை நம்மினும் நன்றாகக் குறித்து வைத்திருக்கின்றன. ஆதலின் இது யந்திரப் பிரியர்களின் வீண் பொழுதுபோக்கன்று. நமது ஜீவனத்தைப் பற்றிய விஷயம்.

இவ்விஷயத்தில் பிறநாட்டார் இருவரது அனுபவத்தைச் சொல்லுகிறேன். ஒன்று வென்றது, மற்றொன்று வீழ்ந்தது.

ஜப்பான் தேசத்தில் செவன் இலெவன் என்னும் சிறு கடைகளின் கூட்டம் ஒன்றுண்டு. அதன் முதற் கடை 1974-ம் வருஷத்தில் டோக்கியோ நகரின் டொயொசு என்னும் பகுதியில் திறக்கப்பட்டது. நமது ஊர்ப் பலசரக்குக் கடையிலும் சற்றே பெரிய இடத்தில் ஏறக்குறைய மூவாயிரம் வகைச் சரக்குகள். பின்கட்டில் பெரிய கிடங்கு கிடையாது. ஆகவே எதை வைப்பது எதைத் தள்ளுவது என்பதே அவர்களுக்கு உயிர்நிலையான கேள்வியாயிற்று. அவர்கள் 1982-ல் தொடங்கிக் கடைதோறும் விற்ற சரக்கை விற்ற கணமே பதிவு செய்யும் யந்திரங்களை வைத்தனர். பணம் வாங்கும் ஊழியர் வாங்குபவர் ஆணா பெண்ணா, ஏறக்குறைய எவ்வயதினர் என்பதையும் ஒரு பித்தானை அழுத்திக் குறித்தனர். பெயரும் விலாசமும் கேட்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தமக்கு வேண்டியதற்கு அவை வேண்டா என்று கண்டிருந்தனர்.

அக்கம்பெனியை நெடுங்காலம் நடத்திய டொஷிபூமி சுஸூக்கி என்பார் யந்திரத்தைப் பெரிதும் போற்றியவரல்லர். முந்தின நாள் விற்றது முந்தின நாளையே காட்டும். நாளைக்கு என்ன விற்கும் என்பதை மனிதனே ஊகிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கடலோரத்துக் கடையொன்றை உதாரணமாகக் கொண்டு அதை விளக்குவார்கள். நாளைக்கு வெயில் காயும், விடுமுறை நாளும் கூட. ஆகையால் தூண்டிலோடு மீன்பிடிக்க வருவோர் மிகுதியாவர். வெப்பத்தில் கெடாத உணவையே அவர்கள் விரும்புவர். புளிப்பான ஊறுகாய்ப் பழத்தை உள்ளே வைத்த சோற்றுருண்டை எளிதிற் கெடாது. எனவே அதையே அதிகமாக வரவழைப்போம் என்று கடை ஊழியர் முதலிற் கருதுகிறார். நெடும்பயணத்திற்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகும் நமக்கு இந்த யுக்தியை விளக்க வேண்டுவதில்லை! அவ்வாறே சரக்கு வரவழைத்து, கண்ணிற்படும்படி வைத்து, மறுநாள் மாலை கணக்கைப் பார்க்கிறார். ஊகம் பலித்ததா என்பதை அப்போது யந்திரம் சொல்லுகிறது. முதலில் கேள்வி, பிறகு ஊகம், பிறகு செயல், இறுதியில் விவரம் என்பது அவர்கள் வரிசை. நம்மவர் பெரும்பாலும் இறுதியில் உள்ளதை முதலில் வைத்துக்கொண்டு, குவிந்து கிடக்கும் எண்களைப் பார்த்து என்ன செய்வதென்று திகைக்கின்றனர். அன்றியும், ஆணை எழுதும் உரிமையை அக்கம்பெனியார் தலைமைக் காரியாலயத்தில் வைக்காமல், நாளில் சில மணிநேரமே வேலை செய்யும் கடைச் சிப்பந்திகளிடம் கூடக் கொடுத்தனர். விவரம் எவன் கையால் ஏறுகிறதோ அவனே அதன் பயனையும் காண்பானாயின், அதை ஒழுங்காக ஏற்றுவான்.

இனி வீழ்ந்தவர் கதை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் டார்கெட் என்பது பேர்பெற்ற பெருங்கடைக் கம்பெனி. அது அண்டை நாடாகிய கனடாவில் கால்வைக்க எண்ணி, 2011-ல் அந்நாட்டுக் கடைக் குத்தகைகளை ஏறக்குறைய 182 கோடி கனடா டாலருக்கு வாங்கிற்று. 2013 மார்ச்சு மாதத்தில் முதற் கடைகள் திறக்கப்பட்டன. இரண்டு வருஷத்திற்குள் கடைகள் 133 ஆயின. 2015 ஜனவரியில், எல்லாவற்றையும் மூடிவிடப் போவதாக அறிவித்தனர். பதினேழாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். முதல் வருஷத்தில் மாத்திரம் நஷ்டம் 94 கோடி அமெரிக்க டாலர். பணத்திலும் அனுபவத்திலும் குறைவில்லாத ஒரு கம்பெனி இங்ஙனம் வீழ்ந்ததற்குக் காரணங்கள் பல. விலை கூடுதலாயிருந்தது, கடைகள் பலவற்றை ஒரே மூச்சில் திறந்தனர். ஆயினும் நமக்குப் பாடமாவது வேறொன்று.

அவர்களுடைய அமெரிக்கக் கணக்கு முறையில் கனடா நாணயத்திற்கும் பிரெஞ்சு மொழி எழுத்துகளுக்கும் இடமில்லாமையால், புதிதாக ஒரு பெரிய மென்பொருளை வாங்கினர். அது பேர்பெற்ற மென்பொருளே, குற்றம் அதிலில்லை. ஏறக்குறைய 75,000 வகைச் சரக்குகளின் நீளம், அகலம், உயரம், பெட்டிக்கு எத்தனை, விலை முதலிய விவரங்களை அதில் கையாலேயே ஏற்ற வேண்டியிருந்தது. கடை திறக்கும் தேதியோ நெருங்கிவிட்டது. வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர்கள், சரக்கு அனுப்புவோர் கொடுத்ததை அப்படியே ஏற்றினர். சென்டிமீட்டரில் இருக்க வேண்டியது அங்குலத்தில் ஏறிற்று. அகலத்தின் இடத்தில் உயரம் ஏறிற்று. சரக்கின் பெயரிலேயே பிழை ஏறிற்று. பிழையைத் தடுத்து நிறுத்தும் வாயிற்காப்போன் ஒருவரும் அம்முறையில் இல்லை. அமெரிக்கக் கடைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விவரங்கள் சரியாயிருக்க, கனடாவில் நூற்றுக்கு முப்பதே சரியாயிருந்தன என்று, அங்குப் பணியாற்றியோர் பலரைக் கண்டு விசாரித்த கனடா பத்திரிகையொன்று 2016-ல் எழுதிற்று. விளைவு யாதெனில், கிடங்கிற்கு வந்த பெட்டிகள் கணினி கூறிய அளவோடு ஒவ்வாமல் வெளியே தேங்கின; கடையிலோ அலமாரிகள் வெறுமையாயிருந்தன. கிடங்கு நிரம்பியும் கடை காலியாயும் இருப்பது வியாபாரத்தில் எத்துணைக் கொடுமை!

அதனினும் கவனிக்கத்தக்கது மற்றொன்று. எந்தச் சரக்கு கடையில் இல்லையோ அதற்குப் பொறுப்பானவரை மேலதிகாரிகள் கேள்வி கேட்டு வந்தனர். அப்போது சில உத்தியோகஸ்தர்கள், சரக்குத் தானே வரவழைக்கப்படுவதற்கான விசையை அச்சரக்கிற்கு மாத்திரம் நிறுத்திவிட்டனராம். நிறுத்திய சரக்கு, இல்லாதவற்றின் பட்டியலில் வராது! அறிக்கை அழகாயிற்று, அலமாரி முன்போலவே வெறுமையாயிருந்தது. சகோதரர்களே, இது கனடாவில் மாத்திரம் நடக்கக் கூடியதா? நமது கடைச் சிப்பந்தி உடைந்த எண்ணெய் டின்னை எழுதினால் சம்பளத்தில் பிடித்தம் என்றால், அவன் எழுதுவானா? இருப்பு குறைந்ததென்று சொன்னவனை முதலில் சந்தேகிக்கும் முதலாளிக்கு, எவ்வளவு விலையுயர்ந்த யந்திரம் வைத்தாலும் பொய்க்கணக்கே கிட்டும். கணக்கு பார்த்துத் தண்டிப்பதும் கணக்கிலிருந்து கற்பதும் ஒரே நோட்டில் நடைபெறா.

நமது கடைகளின் நிலையைச் சற்றுப் பார்ப்போம். மூன்று கிளை வைத்திருக்கும் ஒரு கடைக்காரரின் கணினியில் துவரம் பருப்பைத் தேடினால், து.பருப்பு என்று ஓரிடம், தூர் தால் என்று ஓரிடம், துவரை முதல்தரம் என்று ஓரிடம், மொத்த வியாபாரியின் முத்திரைப் பெயரால் மற்றோரிடம் என நான்கு வகையாக இருப்பது சாதாரணம். கொள்முதல் மூட்டைக் கணக்கில்; விற்பனை கிலோக் கணக்கில்; நாட்டுப்புறக் கிளையில் இன்னும் படிக்கணக்கு. இவற்றைக் கூட்டி வரும் தொகையால் என்ன அறியலாம்? ஒரு சரக்கிற்கு ஒரு பெயர், ஒரு எண், ஒரு அளவு என்று விதித்துக்கொள்வதே முதற்காரியம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு நோட்டும், பிடிவாதமுள்ள ஒருவரும் போதும். அவ்வொருவர் யார் என்பதைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அவர் அனுமதியின்றிப் புதுப்பெயர் ஏறலாகாது. எல்லாருக்கும் பொறுப்பென்று விட்டால் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்றாகும்.

பிழையைப் பின்னால் தேடித் திருத்துவதினும் ஏறும்போதே தடுப்பது எளிது. சரக்குகளின் மேல் அச்சிட்டிருக்கும் கோட்டுக்குறியின் கீழ் 13 இலக்கங்கள் இருப்பதைத் தாங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். அக்கோட்டுக்குறி கடையில் முதன்முதல் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26-ல், அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில், ஒரு மெல்லும் மிட்டாய்ப் பொட்டலத்தின் மேல். அன்று அமெரிக்காவில் வழங்கியது 12 இலக்கமுடையது. நாம் காணும் 13 இலக்கம் அதன் பின் வந்த விரிவு. அதில் கடைசி இலக்கம் சரக்கைப் பற்றி ஒன்றும் கூறுவதன்று. முன்னுள்ள பன்னிரண்டையும் இடமிருந்து வலமாக ஒன்று விட்டு ஒன்று 1 ஆலும் 3 ஆலும் பெருக்கிக் கூட்டி, அத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக நிரப்புவதற்கு எவ்வளவு வேண்டுமோ அதுவே அக்கடைசி இலக்கம். முன்னுள்ளவற்றுள் ஏதேனும் ஒன்று பிழையாகப் படிக்கப்பட்டால் கணக்கு ஒவ்வாது, யந்திரம் ஏற்காது. நமது பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணின் கடைசி எழுத்தும் இத்தகைய காவலாளியே. இரவில் ரொக்கமும் சிட்டையும் ஒத்துப் பார்த்த நம் முன்னோரின் கருத்தும் இதுவேயன்றோ? கொள்முதல் விலை விற்பனை விலையினும் மிகுதியாக ஏறினால் நிறுத்து, இருப்பைக் காட்டிலும் அதிகமாக விற்றதாகக் காட்டினால் நிறுத்து என்னும் சிறு விதிகளை எந்தச் சாதாரண மென்பொருளிலும் அமைக்கச் செய்யலாம். வாங்கும்போது இவற்றைக் கேட்பவரே நம்மில் அரிது. திரையின் வர்ணத்தைக் கேட்கிறோம்.

எந்தக் கேள்விகளைக் கேட்பது என்று சிலர் வினவக்கூடும். விடை வந்தபின் நாளைக் காலையில் யாதொன்றை மாற்றிச் செய்வோமோ, அதைப் பற்றிய கேள்வியே கேட்கத்தக்கது. தொண்ணூறு நாள் அசையாத சரக்கு எது என்று கேட்டால், அதைத் தள்ளுபடியில் விற்று முதலை மீட்கலாம். மாதந்தோறும் வந்தவர் இரண்டு மாதமாக வராதது யார் என்று கேட்டால், ஒருவரை அனுப்பி விசாரிக்கலாம். பெரும்பாலும் அற்பக் காரணமாகவே இருக்கும். கடன் எத்தனை நாளில் திரும்புகிறது என்று கேட்டால், வட்டி எங்கே கரைகிறதென்று தெரியும். இவ்வாறு நான்கைந்து கேள்விகளை எழுதிச் சுவரில் ஒட்டி, அவற்றிற்கு வேண்டிய விவரத்தை மாத்திரம் ஒழுங்காகச் சேர்ப்பதே ஒரு சிறு கடைக்குப் போதுமான திட்டம். எல்லாவற்றையும் சேர்த்துவைப்போம், என்றேனும் உதவும் என்பது பரணில் உடைந்த சாமான் ஏற்றும் புத்தி. இங்கிலாந்தில் டெஸ்கோ கம்பெனியார் 1995-ல் வாடிக்கைக்காரருக்கு அட்டை கொடுத்து அவர்கள் வாங்குவதையெல்லாம் குறித்தபோது கூட, குவிந்தது அனைத்தையும் ஆராயாது ஒரு பகுதியை எடுத்தே ஆராய்ந்தனர். அவ்வருஷத்திலேயே அந்நாட்டு மளிகை வியாபாரத்தில் முதலிடத்திற்கும் வந்தனர்.

வாடிக்கைக்காரரின் விவரம் என்றவுடன் ஒன்று சொல்லியாக வேண்டும். பணம் கட்டும் இடத்தில் நின்று, "உங்கள் போன் நம்பர்?" என்று உரக்கக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பின்னால் நாலுபேர் நிற்க, நம் வீட்டுப் பெண்மணிகள் எத்துணைக் கூச்சத்தோடு அதைச் சொல்லுகின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று நமது உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதனைத் தொடர்ந்து 2023-ல் பார்லிமெண்டு, கணினி முதலியவற்றில் சேர்த்துவைக்கும் தனிமனித விவரங்களைக் காப்பதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டத்தின் பகுதிகள் படிப்படியாகவே அமலுக்கு வருகின்றன. அதன் சாரம் வணிகருக்குப் புதிதன்று: எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும், சொன்ன காரியத்திற்கே பயன்படுத்த வேண்டும், காரியம் முடிந்தபின் அழித்துவிட வேண்டும், களவு போனால் மறைக்கலாகாது. தக்க காவலின்றி வைத்திருந்து விவரம் வெளியேறினால் 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்க இடமுண்டு. அபராதம் ஒருபுறம் கிடக்கட்டும். ஒருவர் நம்மை நம்பி அடகு வைத்த நகையை வேறொருவருக்கு இரவல் கொடுப்போமா? தொலைபேசி எண்ணும் அத்தகைய அடைமானமே. அதை விளம்பரக்காரனுக்கு விற்பது நம் குலத்திற்கு அழகன்று.

இவற்றையெல்லாம் செய்தபின், யந்திரம் வாங்கலாம். அப்போதும் விலையைக் கேட்கு முன் ஒன்று கேளுங்கள்: இரண்டு வருஷம் கழித்து உங்களை விட்டு வேறொருவரிடம் போவதாயின், என் கடை விவரம் முழுவதையும் யான் எடுத்துக்கொண்டு போகலாமா, அதை வேறு யந்திரம் படிக்குமா? இதற்குத் தெளிவான விடை எழுத்தில் தாராதவரிடம் வாங்காதீர்கள். வாடகை கட்டத் தவறிய மாதத்தில் உங்கள் பேரேட்டையே பூட்டிவிடக் கூடியவர், கணக்குப்பிள்ளை அல்லர்; கடன்காரர். அவ்வாறே விவரத்தின் பிரதியொன்று கடைக்கு வெளியே வேறோரிடத்தில் இருக்க வேண்டும். அதைத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சோதிக்கவும் வேண்டும். எடுத்தே பாராத பிரதி இருக்கிறதோ இல்லையோ என்பது ஆபத்து வந்த நாளில்தான் தெரியும்.

இறுதியாக நமது சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மளிகைத் தொழிலிலுள்ள நம்மவர் எல்லாரும் ஒரே சரக்கை வெவ்வேறு பெயரால் எழுதுவதால், சேர்ந்து கொள்முதல் செய்ய முயலுந்தோறும் பட்டியல் ஒத்துவராமலே முயற்சி நின்றுபோகிறது. வியாபாரத்தில் பழுத்த அனுபவமுள்ள இரு பெரியோரும், கணினி பழகிய இரு இளைஞரும் அடங்கிய ஒரு சிறு கமிட்டியை நியமித்து, முதலில் முந்நூறு சரக்குகளுக்கு மாத்திரம் பொதுப் பெயரும் எண்ணும் அளவும் வகுத்து, இப்பத்திரிகையிலேயே பிரசுரிக்கலாம். பெரியோரை இதிற் சேர்க்க வேண்டுமென்று யான் சொல்வது மரியாதைக்காக அன்று. எந்தப் பருப்பும் எந்தப் பருப்பும் ஒன்று, எது வேறு என்பதைக் கையில் அள்ளிப் பார்த்துச் சொல்லக் கூடியவர்கள் அவர்களே; அவ்வறிவு இதுவரை ஏட்டில் ஏறவில்லை. கமிட்டியில் இருக்க விரும்புவோர் கூட்டம் கலையு முன் காரியதரிசியவர்களிடம் தம் பெயரைக் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.